கால் உடைந்த குழந்தைக்கு முதலில் வலிக்கு மருந்து, எக்ஸ்ரே அப்புறம்

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டது என்று எங்கள் கேசுவாலிட்டியில் யாரும் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. கொங்குப் பக்கம் ஆடி நோம்பி என்றால் புளியமரத்திலோ வேப்பமரத்திலோ தூரி (ஊஞ்சல்) கட்டாமல் விடமாட்டார்கள், தூரி கட்டினால் ஊருக்கு ஒரு பிள்ளையாவது கீழே விழும். மே மாதம் வேறு கதை. லீவுக்கு அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்கு வந்த பிள்ளைகளை மொபட்டுக்குப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்கள், வழியில் சக்கரக் கம்பிக்குள் கால் மாட்டிக்கொள்ளும். பதினேழு வருடமாக ஈரோடு மாவட்டத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், பாதிக்கு மேல் கேசுவாலிட்டியில்தான் கழிந்தது. கால் உடைந்த பிள்ளைகளைக் கணக்கு வைக்க முடியாத அளவுக்குப் பார்த்தாயிற்று.

எலும்பை எப்படிச் சேர்ப்பது என்று நான் சொல்லப் போவதில்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். விழுந்த நிமிடத்திலிருந்து மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும் வரைக்கும் நடுவில் மூன்று நான்கு மணி நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் பிள்ளை வலியோடு என்ன பாடுபடுகிறது, அதைக் குறைக்க அப்பா அம்மாவாக நீங்கள் என்ன செய்யலாம், ஆஸ்பத்திரியில் என்ன கேட்கலாம், அதை மட்டும் எழுதுகிறேன். இதை எழுத எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு.

நாலு வருடம் முன்னால் நோம்பிக்குப் போயிருந்தபோது என் அண்ணன் பையன், அப்போது ஏழு வயது, தூரியிலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். ஊரே கூடி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய் நீளமாக ஒரு பாக்கு மட்டையை எடுத்து வந்தார். கால் ஒடிந்த கன்றுக்குட்டிக்கு அதை வைத்துத்தான் அவர் கட்டுவார். மட்டையின் குழிந்த பக்கத்தில் பழைய வேட்டியை மடித்து மெத்தை போல வைத்து, காலை அசைக்காமல் அடியில் நுழைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துத் துண்டால் கட்டினார். கட்டி முடித்ததும் பையன் கத்துவது பாதியாகக் குறைந்தது. ஒரு மருந்தும் கொடுக்கவில்லை, ஆடாமல் வைத்தது மட்டும்தான்.

அதற்கப்புறம் நடந்ததில்தான் எனக்கு இன்றுவரை வெட்கம். பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போனதும் கட்டைப் பிரித்தார்கள், நேராக எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், படம் சரியாக விழவேண்டும் என்று ஒருவர் காலைப் பிடித்துத் திருப்பினார். பையன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நான், இதே வேலையைச் செய்கிற நான், "முதல்ல வலிக்கு ஏதாச்சும் குடுங்க" என்று வாயைத் திறக்கவில்லை. என் கைப்பையில் பாராசிட்டமால் சிரப் இருந்தது, அது கூட ஞாபகம் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மயக்க மருந்து டாக்டர் வந்து இடுப்பு மடிப்பில் ஒரு நெர்வ் பிளாக், அதாவது நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி, போட்டார், இருபது நிமிடத்தில் பையன் என்னைப் பார்த்து "அத்தை, என் பலூன் எங்க?" என்று கேட்டான். அந்த ஊசியை இரண்டு மணி நேரம் முன்னாலேயே போட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விழுந்த இடத்தில்

முதலில் காலைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். பேசுகிறதா, மூச்சு ஒழுங்காக வருகிறதா, தலையில் அடியா, வயிறு வலிக்கிறதா, எங்காவது ரத்தம் கொட்டுகிறதா. வண்டி மோதிய பிள்ளைக்குத் தொடை உடைந்திருந்தால் தலையிலும் வயிற்றிலும் கூட அடி இருக்கலாம், கால் வலியில் அதெல்லாம் மறைந்துபோகும். தொடை எலும்பு உடைந்தால் வெளியில் ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலேயே உள்ளே நிறைய ரத்தம் போகலாம். பிள்ளை வெளிறிப்போய், உடம்பு சில்லென்று வியர்த்து, சோர்ந்து படுத்தால் "அழுகையை நிறுத்திட்டான், பரவால்ல" என்று நினைத்துவிடாதீர்கள், அது அவசரம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்சில் வருகிற டெக்னீஷியனிடம் கட்டை (கால் அசையாமல் வைத்துக் கட்டுகிற பலகை) இருக்கும், ஆக்சிஜன் இருக்கும், காலைக் கட்டித்தான் தூக்குவார்கள்.

108 வர நேரமாகும், தோட்டத்து வீடு உள்ளே தள்ளி இருக்கிறது என்றால் சொந்த வண்டியில் கொண்டுபோகலாம். ஆனால் மொபட்டில் நடுவில் உட்காரவைத்து மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஆட்டோவிலும் காலை மடக்கித்தான் உட்கார வேண்டியிருக்கும். பின்சீட்டில் நீட்டிப் படுக்கவைக்கிற மாதிரி கார், வேன், பால் வண்டி, எது கிடைக்கிறதோ அது.

உடைந்த எலும்பின் வலி என்பது பெரும்பாலும் ஆட்டத்தின் வலி. முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உரசும்போதும், சுற்றியிருக்கும் தசை இழுத்துப் பிடிக்கும்போதும்தான் பிள்ளை துடிக்கும். ஆகவே கையில் கிடைக்கிற வைத்தியத்தில் பெரியது கட்டை வைப்பதுதான். பாக்கு மட்டை இல்லையென்றால் அட்டைப்பெட்டி போதும். தறிக்குடோனில் நூல் கோன் வருகிற பெட்டி, பனியன் கம்பெனிப் பெட்டி, எதையாவது மூன்றாக மடித்தால் நல்ல வலு வரும். முறிந்த இடத்துக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் இரண்டுமே அசையாதபடி நீளம் வேண்டும். கணுக்காலுக்கு மேல் உடைந்திருந்தால் பாதத்திலிருந்து முட்டிக்கு மேல் தொடை வரை. தொடை என்றால் இடுப்பு வரை வேண்டும், அவ்வளவு நீளம் கிடைக்காவிட்டால் இரண்டு கால்களுக்கும் நடுவில் போர்வையை மடித்து வைத்து நல்ல காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். முடிச்சு முறிந்த இடத்தின் மேல் விழக்கூடாது, துண்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும், கால்விரல்கள் வெளியே தெரிய வேண்டும். கோணலாக இருக்கிறது என்று நேராக்கப் பார்க்காதீர்கள், எப்படி இருக்கிறதோ அப்படியே கட்டுங்கள்.

கட்டுவதற்கு முன்னால் கொலுசைக் கழற்றிவிடுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. கண் திருஷ்டிக்குக் கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிறு இருந்தால் அதையும் அறுத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஒரு மணி நேரத்தில் கால் வீங்கும்போது அது சதைக்குள் புதைந்துபோய், நாங்கள் கத்தரி விட்டு வெட்டும்போது பிள்ளைக்கு அது இன்னொரு வலி.

தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள், மஞ்சளும் காபித்தூளும் போடாதீர்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை படும் பாட்டை நாங்கள்தான் பார்க்கிறோம். மூடிய முறிவு என்றால் ஐஸைத் துணியில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் மேலே வைக்கலாம், வெறும் ஐஸ் தோலில் படக்கூடாது. எண்ணெய் போட்டு நீவிவிடுவது, "சுளுக்காத்தான் இருக்கும், வழிச்சு உட்டாச் சரியாப் போயிரும்" என்று யாரையாவது கூப்பிடுவது, இரண்டும் வேண்டாம். காலை ஊன்ற மறுக்கிற பிள்ளைக்குச் சுளுக்கு என்று முடிவு செய்வதை எக்ஸ்ரே பார்க்கும் வரை தள்ளிப்போடுங்கள்.

நடக்கப் பழகின ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வகை உண்டு. சறுக்கு மரத்திலோ படியிலோ லேசாகத் திருகி விழுந்திருக்கும், வீக்கமே இருக்காது, ஆனால் நொண்டும் அல்லது தூக்கச் சொல்லி அழும். கீழ்க்கால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கும், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் கூடப் போகலாம். "படத்துல ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் அந்தப் பிள்ளைக்கு வலி இருக்கிறது, வலி மருந்து வேண்டும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு வேளை மருந்து

பாராசிட்டமால் சிரப் இல்லாத வீடு இப்போது இல்லை. காய்ச்சலுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது வலிக்கும் மருந்துதான். பிள்ளை முழு நினைவோடு இருந்து, வாந்தி எடுக்காமல், விழுங்க முடிந்தால் கிளம்பும் முன்பே கொடுத்துவிடலாம். மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பீர்கள்.

அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததல்ல. ஒரு கிலோவுக்கு 15 மி.கி. எடை தெரியாவிட்டால் ஒன்றிலிருந்து ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டுங்கள், ஐந்து வயது என்றால் 18 கிலோ, ஏறக்குறையச் சரியாக வரும். இருபது கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. வேண்டும். இங்கேதான் தப்பு நடக்கிறது: கடையில் ஐந்து மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருக்கிற சிரப்பும் உண்டு, 250 மி.கி. இருக்கிற சிரப்பும் உண்டு, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். 250 போட்ட பாட்டில் என்றால் 6 மி.லி., 125 போட்டது என்றால் 12 மி.லி. பாட்டிலைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் "ஒரு மூடி" என்று ஊற்றாதீர்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் போகக் கூடாது.

ஐபுபுரூபன் எலும்பு வலிக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். அடிபட்டு வலியோடு வந்த பிள்ளைகளுக்கு இதையும் பாராசிட்டமாலையும் கோடீனையும் (அபின் வகை வலி மருந்து) தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ஐபுபுரூபன்தான் முன்னால் வந்தது. கிலோவுக்கு 10 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு, பிள்ளைகளுக்குச் சில நாள் கொடுப்பதால் அப்படி ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தை, சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளை, இந்த மருந்தால் முன்பு மூச்சிழுப்பு (வீசிங்) வந்த பிள்ளை, டெங்கு சந்தேகம் உள்ள பிள்ளை, நிறைய ரத்தம் போய் வெளிறியிருக்கும் பிள்ளை, இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் என் கருத்து என்னவென்றால் வீட்டில் பாராசிட்டமால் மட்டும், ஐபுபுரூபனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

இரண்டும் கலந்த சிரப் ஒன்று பரவலாக விற்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மேலே பாராசிட்டமாலையும் தனியாகக் கொடுத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும், ஈரலுக்கு நல்லதல்ல.

மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்காதீர்கள். நிமசுலைடு 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டிலேயே 2011-ல் தடை போட்டார்கள். கோடீனும் டிரமடாலும் 12 வயதுக்குக் கீழ் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் சொல்லிவிட்டது. சில பிள்ளைகளின் உடம்பு அவற்றை வேகமாக வலுவான மருந்தாக மாற்றிவிடும், மூச்சு அடங்கிப்போகும், எந்தப் பிள்ளை அப்படி என்று முன்கூட்டித் தெரியாது. ஆஸ்பிரின் வேண்டாம். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

கொடுத்த நேரத்தையும் அளவையும் உங்கள் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: "11.40, பாரா, 6 மி.லி." சிரிக்காதீர்கள், அந்தப் பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது, எழுதிக்கொண்டு வந்த ஒரு அப்பாவைப் பார்த்துத்தான் நானே இதைக் கற்றுக்கொண்டேன். மருந்து விழுங்க ஒரு வாய்த் தண்ணீர் போதும். வழியில் நிறுத்திச் சோடா, டீ, பன், ஜூஸ் என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்கம் கொடுத்து எலும்பை நேராக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டான் என்று கட்டாயம் கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது

கேசுவாலிட்டிக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதியே தருகிறேன்: "சிஸ்டர், பையன் இருபது கிலோ, 11.40-க்குப் பாராசிட்டமால் குடுத்தோம், இன்னும் வலி இருக்குதுங்க, எக்ஸ்ரேக்கு முன்னாடி வலிக்கு ஏதாவது குடுக்க முடியுங்களா?" இப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு வேலை மிச்சம், எடை எழுதியாயிற்று, முதல் மருந்து போயாயிற்று. கட்டை வைத்திருந்தால் "எக்ஸ்ரே எடுக்கற வரைக்கும் பிரிக்காதீங்க" என்றும் சொல்லுங்கள். அட்டையோ பாக்கு மட்டையோ எக்ஸ்ரேயை மறைக்காது.

வலிக்கு மருந்து கொடுத்துவிட்டால் டாக்டருக்கு எங்கே வலி என்று தெரியாமல் போகும் என்பது பழைய நம்பிக்கை. கால் முறிவு மருந்தால் மறைவதில்லை, எக்ஸ்ரேயில் அப்படியே தெரியும். வலி அடங்கின பிள்ளைதான் காலைத் தொட்டுப் பார்க்க விடும்.

என்னென்ன வழி இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும். நோயால் வரும் பிள்ளைகளின் நீண்டநாள் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2012-ல் இரண்டே படி வைத்தது (அந்த வழிகாட்டியை 2019-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்): லேசான வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுபுரூபனும், கடும் வலிக்கு நேராக மார்பின் வகை மருந்து. நடுவில் இருந்த கோடீன் படியை எடுத்துவிட்டார்கள். தொடை எலும்பு முறிவு கடும் வலிதான், அதில் சந்தேகமே இல்லை. மார்பினைக் கையில் ஊசி பாதை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். ஃபென்டனிலை மூக்கில் தெளிக்கும் முறை ஒன்று உண்டு, ஊசியே வேண்டாம், கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம், பத்து நிமிடத்துக்குள் பலன் தெரியும், ஆனால் அதைத் தெளிக்கும் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. சில பெரிய ஆஸ்பத்திரிகளில் முகமூடி வழியாக மூச்சிழுக்கும் கேஸ் வைத்திருக்கிறார்கள்.

"மார்பின்னா போதை மருந்தாச்சே, பையன் அடிமையாயிருவானே" என்று பயப்படும் அப்பத்தாக்களை எனக்குத் தெரியும். முறிந்த எலும்புக்கு ஒன்றிரண்டு வேளை கொடுப்பதால் யாரும் அடிமையாவதில்லை. கவனிக்க வேண்டியது மூச்சு. அதற்குத்தான் விரலில் சிவப்பு வெளிச்சக் கிளிப் மாட்டி, பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்பார். இந்த மருந்துகள் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் பல ஆஸ்பத்திரிகள் வாங்கி வைக்கவே தயங்கின. 2014-ல் சட்டத்தைத் திருத்தி மார்பின், ஃபென்டனில் போன்ற அத்தியாவசிய மருந்துகளுக்கு நடைமுறையைச் சுலபமாக்கினார்கள், ஆனாலும் தாலுகா ஆஸ்பத்திரி அலமாரியில் எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கெட்டமின் என்கிற மயக்க மருந்து பரவலாக இருக்கும், அதையும் குறைந்த அளவில் வலிக்குத் தரலாம்.

தொடை முறிவுக்கு நான் பார்த்ததிலேயே அருமையானது நெர்வ் பிளாக். இடுப்பு மடிப்பில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே மரத்துப்போகும் மருந்தை நரம்புப் பக்கம் விடுவார்கள், பல மணி நேரம் தாங்கும். அண்ணன் பையன் பலூன் கேட்டது அதனால்தான். "பிளாக் போட முடியுங்களா, மயக்க மருந்து டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. முட்டிக்குக் கீழ் முறிவு என்றால் சில டாக்டர்கள் யோசிப்பார்கள், அதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன்.

பின்பக்கத்தில் டைக்ளோபினாக் ஊசி போடுவது மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. ஊசியே வலி, மருந்து உடம்பில் சேருவதும் ஒரே சீராக இருக்காது. அதே பலனை வாய்வழியாகவோ ரத்தக்குழாய் வழியாகவோ கொடுக்க முடியும்போது எதற்கு.

இங்கே பார்க்க முடியாது, பெருந்துறைக்கோ கோவைக்கோ சேலத்துக்கோ கொண்டுபோங்கள் என்று அனுப்பினால், கிளம்புவதற்கு முன்னால் இரண்டு விஷயம் முடிந்திருக்க வேண்டும்: கால் கட்டையில் கட்டியிருக்க வேண்டும், வழிக்குத் தாங்குகிற மாதிரி மருந்து போயிருக்க வேண்டும். நம் ரோட்டில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்று உடைந்த காலோடு படுத்திருக்கும் பிள்ளையைக் கேட்டால் சரியாக எண்ணிச் சொல்லும்.

ரோட்டு விபத்து என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும், அது வழக்கம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் தொகை வரம்புக்குள், காசு கேட்கக் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், நடக்கவே தொடங்காத கைக்குழந்தைக்குத் தொடை முறிந்திருந்தால் எப்படி நடந்தது என்று பலமுறை கேட்போம். கோபப்படாதீர்கள். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் கேட்கிறோம்.

அழாத பிள்ளையின் வலி

ரொம்பச் சத்தம் போடும் பிள்ளையை எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். அசைந்தால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டு மூச்சைக் கூட மெல்ல விட்டுக்கொண்டு விறைத்துப் படுத்திருக்கும் பிள்ளையைத்தான் தவறவிடுகிறோம். எட்டு வயதுக்கு மேல் என்றால் பத்துக்கு எத்தனை என்று கேட்கலாம். நாலைந்து வயதில் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த அட்டையைக் காட்டி "இதுல நீ எது சாமி?" என்று கேட்போம். அதற்கும் சின்னது என்றால் ஐந்து விஷயம் பார்க்கிறோம்: முகம் சுளிக்கிறதா, கால் உதைக்கிறதா, உடம்பு விறைக்கிறதா, அழுகை எப்படி, தூக்கினால் அடங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு. மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நாங்கள் கூட்டத்தில் மறந்துவிட்டால் நீங்கள் வந்து சொல்லுங்கள், "சிஸ்டர், குறையவேயில்லீங்க" என்று.

நம் ஊரில் ஒரு பிள்ளை விழுந்தால் மாமன், சித்தி, பெரியப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று பன்னிரண்டு பேர் வருவார்கள். பாசம்தான், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் போதும், பிள்ளை யாரைத் தேடுகிறதோ அவர். மற்றவர்கள் வெளியே டீ குடிக்கட்டும். "வலிக்கவே வலிக்காது கண்ணு" என்று சொல்லாதீர்கள், ஊசி குத்தின அடுத்த நொடியில் நீங்களும் பொய்காரர், நாங்களும் பொய்காரர். "ஒரு எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும், பத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்பது போதும். "ஆம்பளப் பையன் அழுவானா" வேண்டாம், "அழுதீன்னா பெரிய ஊசி போடச் சொல்லிருவேன்" வேண்டவே வேண்டாம்.

பிள்ளையின் மனதை வேறு பக்கம் திருப்புவதும் ஒரு மருந்துதான், சும்மா சொல்லவில்லை. காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கையில் ஊசி பாதை போட வேண்டியிருந்தது, கையை இறுக்கி வைத்துக்கொண்டான். அவன் அப்பா மெதுவாக, "நம்ம பட்டியில எத்தன மாடு இருக்குது, பேரு சொல்லு பாப்போம்" என்றார். மயிலையில் தொடங்கினான், செவலை, காரி, அப்புறம் போன வாரம் பிறந்த கன்றுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்று ஞாபகம் வந்து யோசித்தான், நான் அதற்குள் பிளாஸ்டர் ஒட்டி முடித்திருந்தேன். போனில் கார்ட்டூனும் சரிதான், ஆனால் இது ஆழமாக வேலை செய்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பால் கொடுத்தபடியே ஊசி போடலாம்.

எலும்பை நேராக்கக் கெட்டமின் கொடுத்தால் பிள்ளை கண்ணைத் திறந்தபடியே இருக்கும், கண்மணி அங்குமிங்கும் ஆடும், வாயில் எச்சில் வடியும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அம்மாக்கள் பதறிப்போய்விடுகிறார்கள். பிள்ளைக்கு வலி தெரியாது, பெரும்பாலும் ஞாபகமும் இருக்காது. எழும்போது சிலது உளறும், சிலது வாந்தி எடுக்கும், வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் தானாக எழ விடுங்கள்.

மாவுக்கட்டுக்கு அப்புறம்

முதல் இரண்டு மூன்று நாள் மருந்தை நேரம் பார்த்துக் கொடுங்கள், அழும்வரை காத்திருக்காதீர்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். கட்டுக்குள் அரித்தால் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறியாதீர்கள், உள்ளே புண்ணாகிச் சீழ் வைத்து வந்த பிள்ளைகள் உண்டு.

மேலே பாதியில் விட்ட விஷயம் இதுதான். கட்டுப் போட்டு மருந்து கொடுத்த பிறகு வலி குறைந்துகொண்டே வர வேண்டும். கூடிக்கொண்டே போனால், கால்விரலை லேசாக நீட்டினாலே அலறினால், கொடுத்த மருந்து போதாமல் திரும்பத் திரும்பக் கேட்டால், காரணமில்லாமல் பதற்றமாகப் புரண்டால், காலுக்குள் வீக்கம் இறுகித் தசைக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். கீழ்க்கால் முறிவில் இது அதிகம். அங்கே நெர்வ் பிளாக் போட்டால் இந்த எச்சரிக்கை வலி மறைந்துவிடுமோ என்றுதான் டாக்டர்கள் தயங்குகிறார்கள். விரல் வெளிறுவது, நீலமாவது, மரத்துப்போவது எல்லாம் தாமதமாக வரும், அதற்குக் காத்திருக்காதீர்கள். இன்னொரு வேளை மருந்து கொடுத்துத் தூங்கவைக்கப் பார்க்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் கிளம்பி வந்து "கட்டு இறுக்குது, வலி கூடிட்டே போகுதுங்க" என்று சொல்லுங்கள். சில மணி நேரம்தான் கையில் இருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டு வைத்தியத்தைப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்கிறேன். கட்டிக் குணமானவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், தெரியும், என் தாய்மாமனே ஒருவர். ஆனால் கறுத்துப்போன விரல்களோடு மூன்றாம் நாள் வந்த ஒரு பெண் குழந்தையின் காலை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளும் அவள் வலி வலி என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், "கட்டு புடிக்குது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டிருக்கிறார்கள்.

முதல் ராத்திரி பிள்ளை தூக்கத்தில் திடுக்கென்று துள்ளி எழும், தொடைத் தசை தானாக இழுப்பதால் வருவது. தொடையின் மேல் கையை வைத்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டால் அடங்கும், ரொம்ப அடிக்கடி வந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். பிள்ளை தூங்கினால் மருந்துக்காக எழுப்ப வேண்டாம், டார்ச் அடித்துக் கால்விரல்களை மட்டும் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அப்படி இருந்தால் போர்வையை இழுத்துவிட்டு நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.